நான்கு நொடி

சூளகிரி ஹாஸ்டல் வாசலில்
நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு யோகம்.
இயர்போனில் ஒருத்தி குட் மார்னிங் என்கிறாள்.
அவள் ஊரில் எப்போதும் விடிந்தே இருக்கிறது.

பாட்காஸ்ட்.
இலவசம். நூற்றுப் பதினெட்டு பாகம்.
ஒரு கேள்வி கேட்பாள்,
நான்கு நொடி சும்மா இருப்பாள்,
அதற்குள் நாம் பதில் சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரம் அந்த நான்கு நொடியில்
என் மூச்சுதான் கேட்டது.
டிரைவர் கியர் மாற்றினார்.
"வெரி குட்" என்றாள்.
வாயே திறக்காமல் வெரி குட் வாங்கியவள்
இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மொழிக்கு எனக்குப் பஞ்சமில்லை.
வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ்,
ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கன்னடம்.
மூன்றிலும் சண்டை போடுவேன், மூன்றிலும் ஜெயிப்பேன்.
நாலாவதில் மட்டும்
நாக்கை எங்கேயோ அடகு வைத்திருந்தேன்.

லைன் லீடர் தேர்வு நடந்தது.
உன்னைப் பற்றிச் சொல் என்றார், இங்கிலீஷில்.
மை நேம் இஸ் முனிலட்சுமி.
அதன்பிறகு மேஜையில் ஒரு திருகாணி
பாதி வெளியே நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் நான்கு நொடி கொடுக்கவில்லை.
"நெக்ஸ்ட்."

அன்றிரவு இவளை முக்கால் வேகத்தில் வைத்தேன்.
குடித்தவள் மாதிரிப் பேசினாள்.
ஆனால் அப்போதுதான் பிடிபட்டது:
வாட் ஆர் யூ கோயிங் டு டூ,
புத்தகத்தில் ஆறு சொல்,
இவள் வாயில் "வாச்ச கொன்ன டூ."
அடிப்பாவி,
நீயும் விழுங்குகிறவள்தானா!

வாரக் கடைசி எப்படிப் போனது என்றாள்.
என் வாரக் கடைசி புதன்கிழமை வரும்.
இதை இங்கிலீஷில் சொல்ல ஒன்பது நாள் ஆனது.
படகில் போனாயா என்றாள்.
கெலவரப்பள்ளி அணையில்
நுரைதான் படகு மாதிரி மிதக்கும், அதைச் சொன்னேன்.
துணி துவைத்தேன், சொன்னேன்.
தங்கைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டவில்லை,
மூன்று தப்போடு சொன்னேன்.
"சவுண்ட்ஸ் லவ்லி" என்றாள்.

பக்கத்து சீட்டில் சலோமி.
ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கம்.
ஆறு வாரமாக எங்களுக்குள்
ஒரு சிரிப்பு, சில நாள் பாதி நெல்லிக்காய்.
என் பாஷை மூன்றும் அவளுக்கு ஆகாது.
அவள் பாஷை எத்தனையோ, நான் கேட்டதில்லை.

மலை முதுகைக் காட்டும் திருப்பத்தில்
டவர் போய்விடும்.
அன்றைக்கு, உனக்கு எதற்குப் பயம் என்று
கேள்வி கேட்டுவிட்டுப் போனது.
திரையில் வட்டம் சுற்றியது.
நான்கு நொடி முடிந்தது, முடியவில்லை,
ஒரு லாரி கடந்தது,
இருட்டில் ஒரு டீக்கடை பல்பு கடந்தது.
"ஐ ஆம் அஃப்ரைட்
ஆஃப்...
நெக்ஸ்ட்."

"ஐ, நைட் போன் ரிங்கிங்."

காதில் வந்த குரல் இல்லை அது.
இயர்போனைக் கழற்றினேன்.
சலோமி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கொஞ்சம் வெட்கமாக,
ஒட்டுக்கேட்டு மாட்டிக்கொண்டவள் போல.
பிறகு, ஒவ்வொரு சொல்லாகக் கால் வைத்துப் பார்த்து,
"யுவர் சிஸ்டர். ஃபீஸ். பெய்ட்?"

கேள்விகள் அவளுக்குக் கேட்டதே இல்லை.
ஆறு வாரமாக
பதில்களை மட்டும் கேட்டுக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.
புதன்கிழமை அவளுக்குத் தெரியும். நுரை தெரியும்.

அவள் காத்திருந்தாள்.
நான் எண்ணவில்லை.

"ஹாஃப். ஹாஃப் பெய்ட்."
"ஹாஃப் குட்" என்றாள்.

டவர் திரும்பி வந்துவிட்டது போல.
மடியில் கிடந்த இயர்போன்
ஈ மாதிரி எதையோ பாராட்டிக்கொண்டிருந்தது.
கம்பெனி கேட் வந்தது.
அடையாள அட்டையைத் தேடிக்கொண்டே கேட்டேன்,
"நைட் போன், ஹூ?"